பெர்மிட்டோடா, பெர்மிட் இல்லாமலா: வட கரோலினாவின் துப்பாக்கிக் கணக்கு

வட கரோலினாவில் 18 வயது நிரம்பிய ஒருவர் கைத்துப்பாக்கியை ஊரார் கண்ணில் படும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம். எந்த லைசன்ஸும் தேவையில்லை. குளிருகிறதே என்று மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டு மூடினால், பெர்மிட் இல்லாதவர் அந்த நிமிடமே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுகிறார். 2025-இல் ராலியில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தில் மூண்ட சண்டை இந்த ஜாக்கெட்டைப் பற்றியதுதான்.

செனட் மசோதா 50 என்பது அதன் பெயர். 18 வயதானவர், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர் என்றால் பெர்மிட், பயிற்சி எதுவும் இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது அதன் சாரம். குடியரசுக் கட்சியின் பலத்தில் இரண்டு அவையிலும் தேறியது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஜாஷ் ஸ்டைன் ஜூன் 20 அன்று வீட்டோ செய்து நிராகரித்தார். ஜூலை 29 அன்று செனட் அந்த வீட்டோவை முறியடித்தது. கீழவையில்தான் வண்டி நின்றது. 120 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 71. எல்லோரும் வந்திருந்தால் வீட்டோவைத் தாண்ட 72 வேண்டும். போதாக்குறைக்கு, ஜூன் மாத ஓட்டெடுப்பில் அந்தக் கட்சியிலேயே இருவர் எதிர்த்திருந்தார்கள். அந்த ஆண்டின் மிச்சத்தில் மசோதா நிகழ்ச்சி நிரலில் ஏறுவதும் இறங்குவதுமாகவே கிடந்தது.

ராலியை ஒட்டிய கேரி, மோரிஸ்வில் பக்கம் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், வீட்டு வரி, நெடுஞ்சாலை பற்றியெல்லாம் வேட்பாளரைக் கேள்வி கேட்கிறவர்கள், துப்பாக்கி என்று வந்ததும் “அது அமெரிக்கர்களோட சண்டை, நமக்கெதுக்கு” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. இதில் இருக்கும் வழிகளைப் பிரித்துப் பார்த்தால் யாரும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் பெர்மிட் முறையை வைத்துக்கொண்டு, அதன் செலவையும் அலைச்சலையும் குறைப்பதே நல்லது. துப்பாக்கி பிடிக்காதவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி எனக்கு ஒப்பாதவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் வழிகள் மூன்று. கேட்டால் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடுவது ஒன்று. விதிகளை எழுதி வைத்துவிட்டு, அவற்றை நிறைவேற்றியவருக்கு மறுக்காமல் கொடுப்பது இரண்டாவது. பெர்மிட்டே வேண்டாம் என்பது மூன்றாவது.

முதல் வழிக்கு ஊர் நியூயார்க். 1911 ஜனவரியில் மன்ஹாட்டனின் கிராமர்சி பூங்கா அருகே ஒரு நாவலாசிரியர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே, டாமனி ஹால் என்ற நியூயார்க் ஜனநாயகக் கட்சி அமைப்பின் அரசியல்வாதி டிமோதி சல்லிவன் பெயரில் சட்டம் வந்தது. கைத்துப்பாக்கிக்கு லைசன்ஸ் கட்டாயம் ஆனது. 1913-இல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: எடுத்துச் செல்ல ‘தகுந்த காரணம்’ காட்ட வேண்டும். எது தகுந்த காரணம் என்பதை லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரி முடிவு செய்வார். ‘என் தெருவில் வழிப்பறி அதிகம்’ என்பது காரணம் ஆகாது. மற்றவர்களுக்கு இல்லாத ஆபத்து உங்களுக்கு மட்டும் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருந்திருக்கும் என்று நம் ஊர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். நகைக்கடை முதலாளிக்குக் கிடைக்கும். இரவு வேலை முடிந்து பிராங்க்ஸில் ரயிலிறங்கி நடக்கிறவருக்குக் கிடைக்காது. டொனால்ட் டிரம்புக்கு நியூயார்க்கில் பெர்மிட் இருந்தது. நியூயார்க் நகரக் காவல்துறையின் லைசன்ஸ் பிரிவில் லஞ்சம் வாங்கிய அதிகாரிகள் மீது வழக்குகள் வந்தன. இதே முறை இருந்த கலிபோர்னியாவில், சாண்டா கிளாரா கவுண்டியின் (மாவட்டம் போன்றது) ஷெரீஃப், அதாவது காவல் தலைவர், லாரி ஸ்மித், பெர்மிட்டை வேண்டியவர்களுக்குச் சலுகையாகக் கொடுத்தார் என்ற வழக்கில் 2022-இல் நடுவர் குழுவால் குற்றம் நிரூபிக்கப்பட்டார். தீர்ப்புக்குச் சில நாள் முன்பு பதவி விலகியும் அது நிற்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு உறைப்பது 1956-இல் நடந்தது. அலபாமாவின் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். கிங் மறைத்து எடுத்துச் செல்ல பெர்மிட் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் கிங்கைவிடத் தகுந்த காரணம் யாருக்கு இருந்திருக்கும்? அதிகாரியின் விருப்பம் என்பது அவர் யாரை மனிதராக மதிக்கிறார் என்பதோடு சேர்ந்தே வரும்.

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் இந்த வழியை 6-க்கு 3 என்று அடைத்தது. தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். அதுவரை கலிபோர்னியா, ஹவாய், மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, நியூயார்க் ஆகிய 6 மாநிலங்கள் இப்படி விருப்பத்துக்கு விட்டிருந்தன. அந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பிராங்க்ஸ், புரூக்ளின் நீதிமன்றங்களில் ஏழைகளுக்காக வாதாடும் அரசு உதவி வக்கீல்கள், துப்பாக்கி ஆதரவாளர்களின் பக்கம் நின்று மனுக் கொடுத்தார்கள். அவர்களில் கறுப்பின வக்கீல்கள் பலர். பெர்மிட் இல்லாமல் குண்டேற்றிய துப்பாக்கியோடு பிடிபட்டால் நியூயார்க்கில் குறைந்தது மூன்றரை ஆண்டு, அதிகமாகப் பதினைந்து ஆண்டு சிறை. பெர்மிட்டோ கிடைக்காது. உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். இதை ஒரு தரப்பும் தன் மேடையில் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு தரப்புக்கும் கதை கோணலாகப் போய்விடுகிறதே!

தீர்ப்பு வந்த எட்டாம் நாளே நியூயார்க் புதுச் சட்டம் போட்டது. 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, நல்லவர் என்று சொல்ல நாலு பேர், போதாததற்கு மூன்று ஆண்டுச் சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியல். டைம்ஸ் ஸ்கொயர், சுரங்க ரயில், பூங்கா என்று தடைசெய்த இடங்களின் வரிசையும் நீண்டது. சமூக ஊடகப் பட்டியல் உட்படச் சிலவற்றை நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. மறுக்கும் உரிமை போனதும், கொடுத்துவிட்டு எங்கேயும் கொண்டுபோக முடியாதபடி செய்யும் வழியை நியூயார்க் எடுத்தது. இதைப் பாதுகாப்பு என்பதைவிட வீம்பு என்றே சொல்வேன். பயிற்சி மணிகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழிக்கு வருவோம். இன்று ‘கட்டுப்பாடு’ என்று பேசப்படும் இந்தப் பெர்மிட் முறை, பிறந்தபோது தளர்த்தலாகவே பிறந்தது. 1987-இல் புளோரிடா விதிகளை நிறைவேற்றினால் மறுக்காமல் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் கொண்டுவந்தது. அதற்காகத் தலைநகர் டாலஹாசியில் உழைத்தவர் மரியன் ஹேமர். பின்னாளில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனவர். அங்கிருந்து மாநிலம் மாநிலமாகப் பரவியது.

டெக்சாஸ் கதை இன்னும் உருக்கமானது. 1991 அக்டோபரில் கில்லீன் நகரின் ஒரு உணவகத்துக்குள் சரக்குவண்டியை மோதி நுழைந்தவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப் கைப்பையைத் துழாவினார். துப்பாக்கி அதில் இல்லை. மறைத்து எடுத்துப்போவது அன்று சட்டவிரோதம் என்பதால் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அங்கேயே அப்பாவையும் அம்மாவையும் பறிகொடுத்தார். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் இந்தத் தளர்த்தலை எதிர்த்தார். 1994 தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். 1995-இல் புஷ் கையெழுத்திட்டார். ஹப் 1996-இல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

அந்தச் சட்டம் விற்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். “கண்டவர் கையில் கொடுக்கவில்லை, கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி பார்த்து, பத்து மணி நேரம் பயிற்சி கொடுத்து, ஒழுங்கானவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறோம்” என்றார்கள். பயந்தவர்களைச் சமாதானப்படுத்தியது அந்த வாக்குறுதி. அப்புறம் அந்தப் பத்து மணி நேரம் நாலு முதல் ஆறு மணி நேரம் ஆனது. 140 டாலர் கட்டணம் 40 ஆனது. 2021-இல் “பெர்மிட் வாங்கியவர்கள் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்களே, பிறகு பெர்மிட் எதற்கு?” என்றார்கள். வடிகட்டியதால் ஒழுங்கானவர்கள் மட்டும் வந்தார்கள். அதையே வடிகட்டியைத் தூக்கியெறியக் காரணமாகக் காட்டுகிறார்கள்.

வட கரோலினாவின் முறை 1995-இல் வந்தது. அதை அருகில் போய்ப் பார்க்கலாம். வயது 21. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளரிடம் குறைந்தது எட்டு மணி நேர வகுப்பு. அதில் சட்டமும் உண்டு: எப்போது சுடலாம், எப்போது சுட்டால் கொலை, எந்தக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பிறகு சுடும் தளத்தில் 3, 5, 7 கெஜம் தூரத்திலிருந்து 30 தோட்டா. அதில் 70 விழுக்காடு இலக்கில் பட வேண்டும். 7 கெஜம் என்பது 21 அடி, ஒரு பெரிய வீட்டுக் கூடத்தின் நீளம். யாரும் உங்களைத் திருப்பிச் சுடுவதில்லை, ஓடுவதில்லை, இருட்டும் இல்லை. இதிலும் தேறாதவர் உண்டு என்பதுதான் விஷயம்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு கவுண்டி ஷெரீஃப் அலுவலகக் கவுண்டரில் நிற்க வேண்டும். 80 டாலர் கட்டணம், கைரேகைக்குத் தனியாகக் காசு, மனநல ஆவணங்களைப் பார்க்கச் சம்மதம் சொல்லி ஒரு கையெழுத்து. எல்லா ஆவணமும் கைக்கு வந்து 45 நாளுக்குள் ஷெரீஃப் முடிவு சொல்ல வேண்டும். பெர்மிட் ஐந்து ஆண்டு செல்லும். பெரிய குற்றங்களோடு, கடந்த மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய தண்டனை இருந்தாலும் இங்கே கிடைக்காது. கூட்டாட்சிச் சட்டத்தின்படி அவர் துப்பாக்கி வாங்கத் தடை இல்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிய மட்டும் இந்த மாநிலம் அவரைக் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்கிறது. போலீஸ் வண்டியை நிறுத்தினால், ‘என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ பெர்மிட்’ என்று பெர்மிட் வைத்திருப்பவரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைத்துப்பாக்கி வாங்கவே ஷெரீஃபிடம் பெர்மிட் பெற வேண்டும் என்று 1919 முதல் இங்கே ஒரு சட்டம் இருந்தது. கறுப்பின மக்களுக்கு மறுக்கவே அது பயன்பட்டது என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு, அதில் உண்மையும் உண்டு. 2023 மார்ச்சில் அன்றைய ஆளுநர் ராய் கூப்பரின் வீட்டோவை மீறி அதை எடுத்துவிட்டார்கள். கடையில் வாங்கினால் கூட்டாட்சிப் பின்னணிச் சோதனை இப்போதும் உண்டு. அக்கம்பக்கத்தாரிடம் காசு கொடுத்து வாங்கினால் எதுவும் இல்லை. ஆக, அப்படிக் கைமாறிய துப்பாக்கிக்காரரை மாநிலம் நிமிர்ந்து பார்க்கும் ஒரே கவுண்டர், மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட் கொடுக்கும் கவுண்டர்தான். செனட் மசோதா 50 மூடப் பார்ப்பது அதைத்தான். இந்த விவாதத்தில் எனக்குப் பெரிய எடைக்கல் இது.

மூன்றாவது வழி பழசும் புதுசும். வெர்மாண்ட் ஒருநாளும் பெர்மிட் கேட்டதில்லை. ரட்லாண்ட் நகரம் ஒரு விதி போட்டுப் பார்த்தது. 1903-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டு வெர்மாண்ட் தனியாகவே நின்றது. 2003-இல் அலாஸ்கா சேர்ந்தது, 2010-இல் அரிசோனா. பிறகு அணை உடைந்தது. 2021-இல் டெக்சாஸ், டென்னசி, அயோவா, யூட்டா, மோண்டானா. 2022-இல் ஜார்ஜியா, ஒஹாயோ, இண்டியானா. 2023-இல் புளோரிடா, நெப்ராஸ்கா. 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் வந்ததோடு 29 மாநிலங்கள். வட கரோலினாவைச் சுற்றியிருப்பவற்றில் வர்ஜீனியா ஒன்றுதான் இன்னும் பெர்மிட் கேட்கிறது.

ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயமான வாதம் ஒன்று உண்டு. அடித்துத் துன்புறுத்திய முன்னாள் கணவனுக்குப் பயந்து வாழும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மணிக்கூலி வேலை. ஒரு சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டு வகுப்புக்குப் போக வேண்டும், வகுப்புக்குக் காசு, பெர்மிட்டுக்கு 80 டாலர், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? பெரும்பாலான எதிர்ப்பாளர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். வட கரோலினாச் சட்டத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. அவசர ஆபத்து என்று ஷெரீஃப் கருதினால் 45 நாளைக்குத் தற்காலிக பெர்மிட் கொடுக்கலாம். ‘ஷெரீஃப் கருதினால்’ என்ற இரண்டு சொல்லில் பழைய நியூயார்க் ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்றவர் கேட்டால் அன்றே, கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினால் அந்தப் பெண்ணின் பிரச்சினை தீரும். அதற்காக 18 வயதுப் பையன்கள் அத்தனை பேருக்கும் பயிற்சியை ரத்து செய்யத் தேவையில்லை. ஸ்டைன் வீட்டோ செய்தபோது பிடித்துக்கொண்டதும் இந்த வயதையும் பயிற்சியையும்தான்.

“குற்றவாளி பெர்மிட் வாங்கிக்கொண்டா வருகிறான்?” என்பது அடுத்த வாதம். கேட்க எடுப்பாக இருக்கும். வாங்க மாட்டான். அதனால்தான் போலீசுக்கு அது உதவுகிறது. சுடுவதற்கு முன்பே, பெர்மிட் இல்லாமல் மறைத்து வைத்திருந்தான் என்ற ஒரே காரணத்துக்காகத் துப்பாக்கியைப் பறிக்க முடிகிறது. 2021-இல் டெக்சாஸின் நகரப் போலீஸ் தலைவர்கள் பலரும், குடியரசுக் கட்சிக்கு வேண்டியதாக இருந்தும் 2022-இல் ஒஹாயோவின் போலீஸ் சங்கமும் எதிர்த்ததற்குக் காரணம் இது. புளோரிடாவில் ஷெரீஃப்கள் மறுபக்கம் நின்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிராமப்புறக் கவுண்டிக்கும் பெருநகரத்துக்கும் இடையே அனுபவம் வேறு. அந்தக் கருவி யார் மேல் அதிகம் பாய்கிறது என்பதற்குப் பிராங்க்ஸ் வக்கீல்களின் மனுவே சாட்சி. இந்தக் குறை பெர்மிட்டைத் தூக்கினால் மறைந்துவிடும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. 2016-இல் மினசோட்டாவில் போலீஸ் நிறுத்திய காரில் இருந்த 32 வயதுக் கறுப்பினத்தவர் பெர்மிட் வைத்திருந்தார். துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொல்லவும் செய்தார். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரி விடுவிக்கப்பட்டார். தாளில் எழுதிய உரிமை எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. பெர்மிட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஆராய்ச்சிகளைக் காட்டி அடித்துப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 1997-இல் பொருளியல் ஆய்வாளர்கள் ஜான் லாட்டும் டேவிட் மஸ்டர்டும் பெர்மிட் தளர்ந்தால் குற்றம் குறையும் என்று எழுதினார்கள். 2004-இல் தேசிய ஆராய்ச்சிக் குழு எல்லாவற்றையும் அலசிவிட்டு, இப்படியும் சொல்ல முடியாது அப்படியும் சொல்ல முடியாது என்றது. அதிலும் ஒருவர் மாறுபட்டுக் குறிப்பு எழுதினார். 2019-இல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூவும் சகாக்களும் புதிய முறையில் கணக்குப் போட்டு, தளர்த்திய பத்தாம் ஆண்டில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 விழுக்காடு கூடியிருந்தது என்றார்கள். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பும் கூடும் பக்கமே சாய்கிறது. இவையெல்லாம் முதல் வழியிலிருந்து இரண்டாவதுக்கு மாறியதை அளந்தவை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறிய மாநிலங்களில் ஏறக்குறைய பாதி 2021 முதல்தான் மாறின. பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுக்கக் கொலைகள் எகிறின, 2023-இலிருந்து சட்டென்று இறங்கின. எந்த ஆண்டை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, வேண்டிய முடிவைக் காட்டிவிடலாம். வெர்மாண்டைக் காட்டி “பாருங்கள், அமைதி” என்பதும், மிசிசிப்பியைக் காட்டி “பாருங்கள், ரத்தம்” என்பதும் ஒரே ரகம்.

தனிச் சம்பவங்களும் அப்படித்தான். இண்டியானாவில் பெர்மிட் தேவையில்லை என்ற சட்டம் 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினாறாம் நாள் கிரீன்வுட் வணிக வளாகத்தில் மூவரைக் கொன்றவனை, அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். அவர் செய்தது வீரம்தான். அதை வைத்துச் சட்டம் எழுதலாம் என்றால், காரில் விட்டுப்போன துப்பாக்கிகள் திருடுபோய்ச் சிறுவர் கைக்கு வரும் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத்தை வைத்தும் எழுத வேண்டியிருக்கும்.

பெர்மிட் தேவையில்லை என்ற மாநிலங்களிலும் விவரம் தெரிந்தவர்கள் பெர்மிட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது பலருக்கும் தெரியாது. பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்த மாநிலத்தின் லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் அதில் விலக்கு. ஆயிரம் அடி என்றால் ஏறக்குறைய 300 மீட்டர். ஊருக்குள் கார் ஓட்டிப் போகும்போது எத்தனை பள்ளிகளைத் தாண்டுகிறோம்? மாநிலம் “போ” என்கிறது, வாஷிங்டன் “நில்” என்கிறது. வழக்குகள் அபூர்வம்தான், ஆனால் சட்டம் இருக்கிறது. நம்மவர்களுக்கு இன்னொரு கண்ணி: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. பெர்மிட் கவுண்டரில் நின்றால் ‘உனக்குக் கிடையாது’ என்று யாராவது சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கவுண்டரே இல்லையென்றால் நண்பர் சொன்னதை நம்பி வாங்கியவர், கைது ஆகும்போதுதான் தெரிந்துகொள்வார். விசாவும் போய்விடும்.

மாநில எல்லை தாண்டினால் கதை இன்னும் மோசம். பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் 2013-இல் நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப்போய், போலீஸிடம் தானாகவே துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். அந்த பெர்மிட் அங்கே செல்லாது. கட்டாயச் சிறைத் தண்டனை தலைமேல் தொங்கியது. ஊடகச் சத்தத்துக்குப் பிறகு விலகியது. 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். இதைத் தீர்க்கத்தான் எல்லா மாநிலமும் ஒன்றின் பெர்மிட்டை ஒன்று ஏற்க வேண்டும் என்ற மசோதாவை 2017-இல் கூட்டாட்சிக் கீழவை 231-க்கு 198 என்று நிறைவேற்றியது. செனட்டில் செத்தது. 2025-இல் வட கரோலினாவைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் அதை மறுபடி கொண்டுவந்தார். அது சட்டமானால் 50 மாநிலங்களிலும் மிகத் தளர்ந்த விதியே ஊருக்கெல்லாம் விதியாகிவிடும்.

அரசியலுக்கு வருகிறேன். பெரும்பான்மை மக்கள் கேட்டதால் இந்தத் தளர்த்தல் வந்தது என்று சொல்ல முடியாது. டெக்சாஸில் 2021-இல் கருத்துக் கணிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள். துணை ஆளுநர் டான் பேட்ரிக்கே முதலில் செனட்டில் ஓட்டு இல்லை என்றார். சில வாரத்தில் ஓட்டு வந்துவிட்டது. தொகுதிகளை வெட்டி ஒட்டியிருக்கும் விதத்தில், பொதுத்தேர்தலில் தோற்கும் பயம் பலருக்குக் கிடையாது. கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் தன்னைவிடக் கடுமையானவர் வந்துவிடுவாரோ என்பதுதான் பயம். தேசியத் துப்பாக்கிச் சங்கம் ஊழல் வழக்குகளில் நொந்து கிடக்கிறது. அதன் முன்னாள் தலைமை நிர்வாகி வெய்ன் லாபியேர் மீது 2024-இல் நியூயார்க் நடுவர் குழு பொறுப்பைச் சுமத்தியது. ஆனால் அதைவிடத் தீவிரமான சங்கங்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. 2023 ஏப்ரலில் புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் பெர்மிட் தேவையில்லை என்ற சட்டத்தில் ஊடகங்களை அழைக்காமல் மூடிய அறைக்குள் கையெழுத்திட்டார். எதிர்த்தவர்கள் திட்டியது எதிர்பார்த்ததே. ஆதரித்த சங்கங்களும் திட்டின: வெளிப்படையாக மாட்டிக்கொண்டு நடக்கும் உரிமையை ஏன் சேர்க்கவில்லை என்று!

இந்தப் பாதை ஒருவழிப் பாதை என்பதை முடிவெடுக்கிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். 2003-க்குப் பிறகு பெர்மிட்டைக் கைவிட்ட மாநிலம் எதுவும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. பெர்மிட்டை வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு கூட அதை எடுத்துவிட முடியும். எடுத்துவிட்டால், ப்ரூயனுக்குப் பிந்தைய நீதிமன்றங்களில் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவது பெரும்பாடு. இருக்கும் முறைக்கு நீதிமன்றத்தின் பாதுகாப்பு உண்டு. ப்ரூயன் தீர்ப்பிலேயே நீதிபதி பிரெட் கவனா தலைமை நீதிபதி ராபர்ட்ஸோடு சேர்ந்து எழுதிய குறிப்பில், கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சி ஆகியவை தொடரலாம் என்று சொல்லியிருக்கிறார். 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு ஆளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைப்பதை 8-க்கு 1 என்று நீதிமன்றம் ஏற்றது. மறுத்த ஒருவர், ப்ரூயனை எழுதிய தாமஸ்தான்.

ஆகவே என் தேர்வு இரண்டாவது வழி, மூன்று திருத்தங்களோடு. கட்டணத்தை ஏழைகளுக்கு அறவே எடுத்துவிட வேண்டும், வகுப்பைக் கவுண்டிக் கல்லூரிகளில் மாலை நேரத்தில் இலவசமாக நடத்த வேண்டும், அவசர பெர்மிட்டை ஷெரீஃபின் விருப்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும். 45 நாள் கெடு தாண்டினால் பெர்மிட் தானாக வந்துவிட வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். ஏனென்றால் பெரிய கவுண்டிகளில் ஆவணம் வரவில்லை என்று சொல்லியே மாதக்கணக்கில் இழுத்தார்கள் என்பது துப்பாக்கிச் சங்கங்களின் நியாயமான புகார். வயது 21-இல் நிற்கட்டும்.

உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைச் சொல்லப் போகிறீர்கள் என்றால், அவர் எந்தக் கட்சி என்று மட்டும் பார்க்காதீர்கள்; வருகைப் பதிவையும் பாருங்கள். வீட்டோவை முறியடிக்க மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டியதில்லை, அன்றைக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் ஐந்தில் மூன்று போதும். 2023 மார்ச்சில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் கீழவையில் வீழ்ந்தது 71-க்கு 46 என்ற கணக்கில். ஜனநாயகக் கட்சியின் மூன்று பேர் அன்று வரவில்லை.